முகாமில் அடுப்பு எரியட்டும்



சாரணர் முகாம்கள் களையிழந்து வருவதாகத் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பழியைக் கைப்பேசி மீது மட்டும் போட்டிருப்பது சரியல்ல. முதல் குற்றவாளி கேட்டரிங் வண்டி.

அண்மையில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு. மாலையில் தீயைச் சுற்றி அமர்ந்து பாடும் பாடித்தீக்குப் பதில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. பிள்ளைகள் ஆடினார்கள்தான். ஆனால் அணி முழக்கம் கேட்டால் பாதிப் பேர் விழித்தார்கள்.

திறந்தவெளி அடுப்பில் சமைப்பது சாரணர் பாடத்திட்டத்திலேயே உள்ளது. நான் சாரண ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகள் மூன்று கல் கூட்டி, பாத்திரத்தின் அடியில் ஈர மண் பூசி (கரி பிடித்தால் தேய்ப்பவர்களும் அவர்கள்தானே!) அணி அணியாக உப்புமா கிண்டுவார்கள். கட்டி தட்டும், அடிப்பிடிக்கும். ஆனாலும் ஒரு கரண்டி மிஞ்சாது. காற்றடிக்கும் திசை பார்த்து அடுப்பு வைக்கவும் அங்கேதான் கற்றார்கள். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலும் சிறுவர்கள் சிறுசிறு அணிகளாகத்தான் இயங்கினார்கள். இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து கதை கேட்டார்கள்.

பாதுகாப்புக் கருதியே சமையலைத் தவிர்ப்பதாகச் சொல்கிறார்கள். வாளியில் தண்ணீரும் மணலும் வைத்து, பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்றால் அந்தக் கவலை தீரும். நாளுக்கு ஒரு வேளையாவது அணிச் சமையலைக் கட்டாயமாக்கி, அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். பாடித்தீ நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது. சாரணர் இயக்க மாவட்ட ஆணையர்கள் அடுத்த முகாமிலிருந்தே இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர், தஞ்சாவூர்