குளிருக்குப் பயந்து கரியை மூட்டாதீங்க!

டிசம்பர் வந்தாப் போதும், டில்லி வாழ் நம்மாளுங்களுக்கு மணாலி ஆசை வந்துடும். இப்ப கேரவன் வேற வாடகைக்குக் கிடைக்குது. படுக்கை, அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளயே. வாண்டுகளோட தாராளமா போங்க சாமி, யார் வேணாம்னா? பனியை நம்ம பசங்க சினிமாவுல மட்டும்தான் பாக்கணுமா என்ன?

என் சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். "பாவம், குழந்தைக்குக் குளிரும்"னு ஜன்னலை இறுக்க மூடிட்டு, உள்ளே அங்கீட்டியையோ கேஸ் அடுப்பையோ ஏத்தி வெச்சுட்டுத் தூங்கறீங்களே, அது பாசமா? கரி கனிஞ்சு புகை நின்னுட்டா பயமில்லைங்கறது சுத்த அபத்தம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். வேகமா மூச்சு விடற குழந்தைகளைச் சீக்கிரமே தாக்கும். தலைவலி, வாந்தின்னுதான் ஆரம்பிக்கும். நாம அதை மலைப்பாதை வாந்தின்னு நினைச்சு, எலுமிச்சம்பழத்தைக் கையில கொடுத்துப் படுக்க வெச்சுடுவோம்.

"நாங்க எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கறோம்"பீங்களா? 2022 ஜனவரியில பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில மாட்டின கார்களுக்குள்ள 20 பேருக்கு மேல செத்தாங்க. குளிரோட இந்த வாயுவும் காரணம்னு செய்தி வந்தது. சைலன்சர் வாயைப் பனி அடைச்சா, புகை வண்டிக்குள்ளதான் வரும்.

ரஜாய் இருக்கு, அடுக்கடுக்கா ஸ்வெட்டர் இருக்கு. அடுப்பையும் எஞ்சினையும் அணைச்சுட்டு, ஜன்னலை ரெண்டு விரக்கடை திறந்து வெச்சுத் தூங்குங்க. கேரவன்காரர்கிட்ட டிவி இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னால, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா அந்த வண்டியே வேணாம்.