நீரிழிவுப் பிரிவில் கேட்கப்படாத கேள்வி

அரசு மருத்துவமனைகளின் தொற்றாநோய்ப் பிரிவுக்கு வரும் ஆண்களுக்குச் சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. பார்வை மங்குகிறதா, காலில் புண் இருக்கிறதா என்றும் விசாரிக்கிறார்கள். தாம்பத்திய உறவில் சிரமம் ஏதும் உண்டா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நோயாளியும் தானாக வாய் திறப்பதில்லை. விறைப்புத்தன்மைக் குறைபாட்டை மானப் பிரச்சினையாகக் கருதி ஒதுக்கும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆணிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருப்பதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றவர்களைவிடப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே அது அவர்களிடம் தலைகாட்டுகிறது. ஆக, கோடிக்கணக்கான குடும்பங்களைத் தொடும் ஒரு விஷயத்தைத்தான் நாம் பேசாமல் இருக்கிறோம்.

ஆணுறுப்புக்குள் ரத்தம் பாய்ந்து நிறைவதால்தான் விறைப்பு உண்டாகிறது. ரத்தக் குழாயின் உட்சுவரும் நரம்பு முனைகளும் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்தக் குழாய்களைத் தளர்த்தி வழிவிடுகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, புகை ஆகியவை இந்த உட்சுவரைத்தான் முதலில் அரிக்கின்றன. ஆணுறுப்புக்குச் செல்லும் தமனியின் விட்டம் சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒரே நோய் உடலெங்கும் பரவும்போது சிறிய குழாய்தான் முதலில் திணறும். இதனால்தான், மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பலருக்கு விறைப்புக் குறைபாடு தோன்றிவிடுகிறது. குறைபாடு உள்ள எல்லோருக்கும் இதய நோய் இருப்பதாக இதற்குப் பொருளல்ல. ஆனால், நாற்பது வயதில் வரும் இந்த அறிகுறியை வெட்கத்தால் மறைப்பவர், இதயத்தைக் காப்பாற்றக் கிடைத்த அவகாசத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

களைப்பு, மனஉளைச்சல், மது என ஏதோ ஒரு காரணத்தால் எப்போதாவது ஒருநாள் சிரமம் ஏற்படுவது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள் அவ்வளவு காலம்கூடக் காத்திருக்கக் கூடாது. அதிகாலையில் தானாக ஏற்படும் விறைப்பு மாறாமல் இருந்து, உறவின்போது மட்டும் சிக்கல் வந்தால் காரணம் பெரும்பாலும் மனம் சார்ந்தது. மனநல ஆலோசனையே அதைத் தீர்த்துவிடக்கூடும். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய பிறகு பிரச்சினை வந்ததென்றால், அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும். சில ரத்த அழுத்த, மனச்சோர்வு மாத்திரைகளுக்கு இந்தப் பக்கவிளைவு உண்டு; அவற்றை மாற்றித் தர முடியும். தாமாக நிறுத்துவது ஆபத்து.

பொது மருத்துவரிடமே தொடங்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் காலை நேர டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எடைக் குறைப்பு, நடைப்பயிற்சி, புகையை விடுதல், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவையே அடிப்படைச் சிகிச்சை. அதற்கு மேல் மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி, அறுவைசிகிச்சை எனப் படிப்படியாக வழிகள் உள்ளன.

இவ்வளவு இருந்தும் நம் ஆண்கள் போய்ச் சேரும் இடம் எது? 'நரம்புத் தளர்ச்சி' என்று பயமுறுத்தும் சுவரொட்டிகளும், லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களும், பின்னிரவுத் தொலைக்காட்சியில் வரும் லேகிய விளம்பரங்களும்தான். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. எழுபது ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும் விளம்பரங்கள் ஓயவில்லை. முறைப்படி படித்த சித்த மருத்துவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களது பெயரையும் கெடுப்பவர்கள் இந்தப் போலிகளே. 'மூலிகை' என்று விற்கப்படும் பொருள்களில், விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்தான சில்டெனாஃபில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது.

அந்தக் கலப்படம் உயிரையே பறிக்கக்கூடியது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சில்டெனாஃபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று சரிந்துவிடும். மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே தர வேண்டிய சில்டெனாஃபில், கேட்டவர்க்கெல்லாம் கடைகளில் கிடைப்பதை அரசு வேடிக்கை பார்க்கக் கூடாது.

ஆண்கள் மறைக்கும் இந்த நோயின் பாரம் பெண்கள் மீதும் இறங்குகிறது. குழந்தை இல்லையென்றால் முதலில் சோதனைக்கு அனுப்பப்படுபவர் மனைவி. கணவருக்கு உறவில் சிரமம் இருப்பது தெரிந்தும், வெளியே சொல்ல முடியாமல் ஏச்சைச் சுமப்பவரும் அவரே.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால், வீட்டார் சூழ்ந்திருக்கும் திண்ணையில், பெண் தன்னார்வலரிடம், எந்த ஆணும் இதைச் சொல்லப்போவதில்லை. ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவர் தனியறையில் கேட்க வேண்டும். நோயாளியின் பதிவேட்டில் அதற்கென ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். '104' மருத்துவ உதவி எண்ணில் இதற்கான ஆலோசனை கிடைக்கும் என்று விளம்பரப்படுத்த வேண்டும். போலி விளம்பரதாரர்கள் மீது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குகள் பாய வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை, துணிவு போதும்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வோம். பிரச்சினை மூன்று மாதமாக நீடிக்கிறதென்றால் லேகியம் தேடி அலையாதீர்கள். கடையில் மாத்திரை கேட்காதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, உங்களுக்கு உள்ள சிரமத்தை மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இது சிகிச்சை உள்ள நோய். மருத்துவரிடம் நோயைச் சொல்வதால் யாருடைய மானமும் போய்விடாது.