பழஞ்சோற்றுக்கு வெட்கம் எதற்கு?

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. மதிய வேளையில் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து நடுவில் வைப்பார்கள். நம்மவர் மட்டும் மூடியைப் பாதி திறந்து, அதையே மறைப்பாக வைத்துக்கொண்டு, அவசரம் அவசரமாக நாலு வாய் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். உள்ளே அப்படி என்னதான் இருக்கும்? பழைய சோறு, சுண்டவைத்த குழம்பு, இரண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய். அவ்வளவுதான்.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தொழிலாளிகளிடமும் இதைக் காணலாம். காலையில் அறையில் பழையது குடித்துவிட்டு வந்தவரிடம், “என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டால், “ஓட்டலில் பரோட்டா” என்று பதில் வரும். உண்மையைச் சொன்னால் ‘பாண்டிக்காரனின் சாப்பாடு’ என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

ஆனால் இதே நகரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘பழங்கஞ்சி கிடைக்கும்’ என்று பலகை எழுதி மாட்டிய கடைகள் வந்துவிட்டன. மண்சட்டி நிறைய பழையது, மேலே கட்டித் தயிர், காந்தாரி மிளகாய், சின்ன உள்ளி, அவித்த மரச்சீனி, முந்தின நாள் மீன்குழம்பு, தேங்காய்ச் சம்மந்தி. காரில் வந்து இறங்குகிறவர்கள் காத்திருந்து இடம் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் காசு கொடுத்துப் பெருமையாகச் சாப்பிடுவதை, நாம் காசில்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிடுகிறோம். இது என்ன நியாயம்?

ஒரே அடுக்களை

தமிழனின் சாப்பாடு வேறு, மலையாளியின் சாப்பாடு வேறு என்று நினைப்பதே முதல் தவறு. குறைந்தபட்சம் பழவங்காடியில் நின்றுகொண்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

1795ஆம் ஆண்டு திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அங்கே காவலிருந்த படைவீரர்கள் தாங்கள் வழிபட்ட பிள்ளையாரையும் உடன் கொண்டு வந்தார்கள், அவரே பழவங்காடி கணபதி என்பது கோயில் வரலாறு. இன்றும் கோயிலைப் பராமரிப்பது ராணுவம்தான். அந்தப் பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிள்ளையாரே அங்கிருந்து குடிவந்தவர் என்றால், அடுப்பும் அம்மியும் கூட வராமல் இருந்திருக்குமா?

கோயிலுக்கு எட்டின தூரத்தில் இருக்கிறது சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சந்தை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்தது நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறியது, சாப்பாடு மாறவில்லை. 1979இல் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறந்தபிறகு போக்குவரத்து இன்னும் சுலபமாயிற்று. தோவாளைப் பூவும் தமிழ்நாட்டுக் காய்கறியும் இல்லாமல் இங்கே ஓணம் நடப்பது கடினம்.

பேச்சைக் கவனித்தாலும் இது தெரியும். வடக்கே நேந்திரன் என்று சொல்லும் பழத்துக்கு இங்கே ஏத்தன் என்று பெயர். நாகர்கோவிலிலும் ஏத்தன்தான். மேற்கொண்டு கப்பை என்று சொல்லும் கிழங்கு இங்கே மரச்சீனி, குமரி மாவட்டத்திலும் மரச்சீனி. தேங்காயைக் கருக வறுத்து அரைத்துப் புளி ஊற்றிச் செய்யும் தீயல் இரு பக்கத்து வீட்டிலும் உண்டு. அவியல், எரிசேரி, புளிசேரி இல்லாமல் நாஞ்சில் நாட்டுக் கல்யாணம் கிடையாது. திருவனந்தபுரத்து விருந்தில் போளியைப் பிய்த்துப் போட்டுப் பால் பாயசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்களே, அந்தப் போளி தமிழ்நாட்டு வீடுகளில் பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டும் போளியே. இவற்றில் எது அவர்களுடையது, எது நம்முடையது என்று பங்கு பிரிக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும்.

நம்மவர் செய்யும் ஏளனம்

நம்மை அவர்கள் இளக்காரமாகப் பார்ப்பதாகக் குறைப்படும் நம்மவர்கள், தாங்கள் செய்வதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வந்த புதிதில் சிவப்புச் சம்பா அரிசிச் சோற்றைப் பார்த்து, “இது சோறா, சோளமா?” என்று கேட்காத தமிழர் குறைவு. தேங்காய் எண்ணெய் வாடை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வது, மரச்சீனியைப் பார்த்தால் “கிழங்கைத் தின்றா உயிர் வாழ்வது?” என்று கேட்பது, இப்படி எத்தனையோ.

அந்தக் கிழங்கின் கதையைத் தெரிந்துகொண்டால் ஏளனம் தானே அடங்கிவிடும். தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைத் திருவிதாங்கூரில் பரப்ப ஊக்கம் கொடுத்தார். அப்போது அதன் அருமை முழுவதும் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு பர்மாவை ஜப்பானியர் பிடித்தபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் கடும் பஞ்சம் தலைகாட்டியது. அந்த நாளில் ஏழை வீட்டு அடுப்பை அணையாமல் காத்தது மரச்சீனிதான். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த குமரிப் பகுதித் தமிழனும் அதைத் தின்றுதான் பிழைத்தான். இன்று ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963இல் தொடங்கப்பட்டது.

மரச்சீனி வாங்கி அறையில் சமைக்க விரும்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தோலும் உள்தோலும் நீக்கி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு. இந்த விவரத்தை மலையாளி வீட்டு அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

ஓட்டலில் கொடுக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீரும் அப்படித்தான். பதிமுக மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அது. சில கடைகளில் சீரகம் போடுவார்கள், சிலவற்றில் சுக்கு. “குளிர்ந்த தண்ணீர் இல்லையா?” என்று முகம் சுளிப்பவர்கள், வெளியூரில் வயிற்றுப்போக்கு வராமல் காப்பது காய்ச்சிய தண்ணீர்தான் என்பதை யோசிக்க வேண்டும். அவர்கள் சம்பாரம் என்று தருவது இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்ட நம்முடைய நீர்மோர். பால் கலக்காத கட்டன் சாயாவில் எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறார்கள், இரவு வேலைக்காரர்களுக்கு அது நல்ல துணை.

இழிவு சோற்றில் இல்லை

பழஞ்சோறு என்றதும் ஏன் தலை குனிகிறது? அதற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூர்ப் பண்ணை வீடுகளில் உழைக்க வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்துச் சோறு போடவில்லை. கொல்லைப்புறத்தில் மண்ணில் குழி தோண்டி, அதில் இலையைப் பரப்பிக் கஞ்சி ஊற்றினார்கள். நம் ஊர்களிலும் இதற்குக் குறைவில்லை. கொல்லை வாசலில் நின்று பழையது வாங்கிக் குடித்த பாட்டன் பூட்டனின் நினைவு பேரனின் நாக்கில் இன்னும் கசக்கிறது. இழிவு செய்தது ஊற்றிய கை. சோறு என்ன பாவம் செய்தது?

அந்த இழிவைச் சோற்றைக் கொண்டே துடைத்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லோரையும் ஒரே பந்தியில் உண்ண வைத்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து, தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடென்டின் மாளிகையில் வேலை பார்த்த அய்யாவு சுவாமிகளை (1814–1909) இங்குள்ள தமிழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் கற்பித்தவர் அவர். தைப்பூச நாளில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். மேல்சாதியார் சிலர் ‘பாண்டி’ என்று சொல்லி, சாதிப் பெயரையும் சேர்த்து இழித்துப் பேசினார்கள். அவர் பந்தியை நிறுத்தவில்லை. பழவங்காடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் நடந்த செய்தி இது. பிறகு 1917இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் மிச்ர போஜனம் நடத்தியபோது கேரளம் முழுவதும் அதைப் பற்றிப் பேசிற்று.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட ஒரு காலத்தில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியார் எதிர்த்துக் குரல் கொடுத்தபின் 1941இல் அது ஒழிந்தது. இன்று ரயிலில் பக்கத்துப் பயணியிடம் புளியோதரைப் பொட்டலத்தை நீட்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். சாலையில் இருந்த கெத்தேல் சாகிபின் சாப்பாட்டுக் கடையை வைத்து ஜெயமோகன் எழுதிய ‘சோற்றுக்கணக்கு’ என்ற கதையைப் பலர் படித்திருப்பார்கள். கணக்குப் பார்க்காமல் பசித்தவனுக்குப் போட்ட கையைப் பற்றிய கதை அது. அந்தப் பெயர் பெற்ற தெருவில் நின்றுகொண்டா சாப்பாட்டை ஒளிப்பது?

உலகத்துக்கும் தெரிந்த பழையது

பழையது தமிழனுக்கும் மலையாளிக்கும் மட்டும் சொந்தமில்லை. ஒடிசாவில் அதன் பெயர் பகாளம். மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் பாந்தா பாத். வங்கதேசத்தில் வருடப் பிறப்பன்று அதை இலிஷ் மீனோடு சாப்பிடுவார்கள். 2021ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த மாஸ்டர்செஃப் என்னும் சமையல் போட்டியில், வங்கதேசத்துப் பூர்வீகம் கொண்ட கிஷ்வர் சௌத்ரி இறுதிச் சுற்றில் நீர் ஊற்றிய பழைய சோற்றையும் உருளைக்கிழங்கு மசியலையும் மீனையும் வைத்தார். நடுவர்கள் பாராட்டினார்கள், அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சென்னையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று ஆய்வு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரவு முழுவதும் நீரில் ஊறும்போது சோறு புளித்து, தயிரில் இருப்பதுபோன்ற நல்ல நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன.

இதை எல்லாம் கேட்டுவிட்டுப் பழையதே மருந்து என்று கிளம்பிவிடவும் கூடாது. சோறு ஆறியதும் காலம் தாழ்த்தாமல், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும், வாடை மாறியிருந்தால் கொட்டிவிட வேண்டும். நீரிழிவுக்காரர்கள் மருத்துவரைக் கேட்டு அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இரவில் இரண்டு பிடி அரிசி கூடுதலாகப் போட்டால் காலை ஓட்டல் செலவு மிச்சம். மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பும் பணத்தில் அந்த மிச்சம் தெரியும். வெட்கத்துக்காக அந்தக் காசை இழக்கத் தேவையில்லை.

அலுவலகங்களில் வாரத்தில் ஒரு நாள் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளலாம். நம் வத்தக்குழம்பு அவர்களுக்கு, அவர்கள் பயறும் கஞ்சியும் நமக்கு. செய்முறையைக் கேட்டால் மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும், முடிந்தால் எழுதியும் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டைத் தைரியமாகத் திறக்கிறார்களா என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘பாண்டி’ என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். தைக்காட்டு அய்யாவு சுவாமிகளின் கதையைச் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. சாலையிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இன்று வங்காளம், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். ஒரு காலத்தில் தமிழன் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். தமிழனைப் ‘பாண்டி’ என்று அழைத்த அதே தொனியில் இப்போது யாராக இருந்தாலும் ‘பங்காளி’ என்று அழைக்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், அப்படி அழைப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவன் காலையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு குடிப்பதும் இதே பழையதுதான். ஒரு மோர்மிளகாயை அவன் பக்கம் நீட்டினால் மொழி தெரியாமலே பேச்சு தொடங்கிவிடும். நீட்டுவார்களா நம்மவர்கள்?