'3 நாளில் பரு மறையும்' மூலிகை க்ரீம்: டப்பாவுக்குள் இருப்பது மூலிகைதானா?

கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, சந்தனம், கற்றாழை. முகப்பரு என்றதும் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இவைதான். பாதி கொல்லையிலேயே இருக்கும், மீதி கீழவாசல் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இப்போது இதே பெயர்களைச் சொல்லி, லேபிள் இல்லாத க்ரீம் டப்பாக்கள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பனைக்கு வருகின்றன. '3 நாளில் பரு மறையும், 100% மூலிகை' என்கிறார்கள்.

சந்தேகம் அந்த '3 நாளில்'தான் தொடங்க வேண்டும்.

தோலுக்கு அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பி ஹார்மோன் தூண்டுதலால் அதிகம் சுரக்கிறது. மயிர்க்கால் அடைத்துக்கொள்கிறது. உள்ளே பாக்டீரியா பெருகி வீக்கம் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே பரு உள்ளே உருவாகிவிடும். அதனால்தான் டாக்டர்கள் தரும் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகளே சரியாக வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகிறது. மூலிகை மட்டும் 3 நாளில் எப்படி முடிக்கும்?

அவ்வளவு வேகமாகச் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கக்கூடியது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். நிறுத்தியதும் பரு முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். மறுபடி அதே டப்பாவைத் தேட வேண்டியதுதான். நாளாக ஆகத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். இதனால்தான் 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனால் லேபிளே இல்லாத டப்பாவை எந்தப் பட்டியலில் தேடுவது?

பாதரசம் இன்னொரு ஆபத்து. கேரளாவின் மலப்புரம் பகுதியில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை குறிப்பிட்ட வகை சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்தப் பாதிப்பின் ஒரு அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள்.

சரி, வீட்டில் அரைப்பது?

அதில் இந்த அளவு பயம் இல்லை; பலனும் மிதமானதுதான். மஞ்சளும் வேம்பும் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வகத்தில் தெரிகிறது, ஆனால் மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஓரளவு நல்ல சான்று உள்ளது டீ ட்ரீ எண்ணெய்க்கு. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீயையும் 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. மூலிகை மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவு. (நம் கொல்லையில் வளராத செடி அது என்பது வேறு விஷயம்.)

எலுமிச்சையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தச் சாறு தோலுக்குத் தாங்காத அமிலம். பூசிக்கொண்டு டெல்டா வெயிலில் பைக்கில் போனால் தீக்காயம் மாதிரி கருத்துப்போகலாம். பருவைவிட அந்தக் கறை அதிக நாள் இருக்கும்.

பாரம்பரியம் என்றாலே சோதனை இல்லாதது என்று நினைக்க வேண்டாம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மஹாலில் பல மருத்துவ முறை வைத்தியர்களை வைத்து, நோயாளிகளிடம் பலன் தந்த மருந்துகளைக் குறித்து வைக்கச் சொன்னார். அவற்றை 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று சரஸ்வதி மஹால் நூலகம் வெளியிட்டிருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் இன்றைய சோதனையில் தேறும் என்று சொல்ல முடியாது. ஆனால் என்ன சேர்த்தார்கள், எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது. வாட்ஸ்அப் டப்பாவில் அது கிடையாது.

சட்டப்படி சித்த, ஆயுர்வேதத் தயாரிப்புக்கும் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் லேபிளில் வேண்டும். வாங்கும்போது இந்த நான்கையும் பாருங்கள். ஏற்கெனவே இப்படி ஒரு க்ரீம் பூசி, நிறுத்தினால் பரு கிளம்புகிறதா? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.