முழுப் பரீட்சை லீவு

வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில் பத்து நாள் சூலக்கரைக்குப் போவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற நண்பர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஊரே வெயிலுக்குப் பயந்து ஓடுகிற மாதத்தில், வெயில் எங்கிருந்து புறப்படுகிறதோ அந்த இடத்துக்கே டிக்கெட் எடுக்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பது?

சூலக்கரை எங்கே என்று கேட்பவர்களுக்கு: விருதுநகருக்குப் பக்கம், கலெக்டர் ஆபீஸ் பக்கம். பொதிகை எக்ஸ்பிரஸில் விடியற்காலை இறங்கினால் பல் தேய்ப்பதற்குள் வேர்த்துவிடும்.

பகலில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பேசினால் நாக்கு வறளும். செய்தியெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், மொட்டை மாடியில், பாயை விரித்து, தண்ணீர் தெளித்த பிறகுதான். வாசிப்பவர், அம்மா.

அம்மாவின் செய்தி அறிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆடு, மாடு. பிறகு போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடிக்குப் போயிற்று. பிறகு கல்யாணம், வளைகாப்பு, யார் யார் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை, யாருக்கு எவ்வளவு மொய் பாக்கி. கடைசியில்தான் முக்கியச் செய்தி. ஆல் இந்தியா ரேடியோ தலைப்புச் செய்திகளை முதலில் சொல்லும். அம்மா அதை மூன்றாம் நாள் ராத்திரிதான் சொல்லுவார்.

கணக்கிலும் அம்மா எனக்கு நேர் எதிர். நான் பி.காம். பதினேழு குரோஸ் தீப்பெட்டி எத்தனை என்று கேட்டால், நான் செல்போனில் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் அம்மா “ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பத்தெட்டு” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்திருப்பார். ஒரு குரோஸுக்கு 144. அடிப்பெட்டி ஒட்டியே எங்களைப் படிக்க வைத்தவர். மயில்துத்தம் போட்ட பசை வாசனை இன்னமும் அந்த வீட்டுத் திண்ணையில் இருப்பதாக எனக்கு ஒரு பிரமை.

இந்த வருஷம் செய்தி வாசிப்புக்கு நடுவே ஒரு இடைஞ்சல். ஐந்தாவது முடித்த என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். லீவில் குடும்பத்தில் ஒவ்வொருவரும் என்ன சாதிக்கப் போகிறார்கள் என்று கேட்டு, நோட்டில் எழுதி, முடித்தால் ‘டிக்’ போட வேண்டுமாம்.

“அப்பா, உங்க இலக்கு?”

“தினமும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடக்கிறது. தொப்பை ரெண்டு இஞ்ச் குறைக்கிறது. பாதியில நிக்கிற நாவலை முடிக்கிறது.”

“போன வருஷமும் இதேதான் சொன்னாரு” என்றாள் மனைவி. தன் இலக்கு ஸ்கூட்டர் பழகுவது என்றாள். அப்பா, செய்தித்தாள் வரும் முன்பே யாரும் பிரித்துப் படிக்காமல் இருந்தால் போதும் என்றார். அது எங்கள் இலக்கே தவிர அவர் இலக்கு இல்லை என்று மகள் தள்ளுபடி செய்துவிட்டாள்.

“அத்தை, நீங்க?”

அக்கா பதில் சொல்லவில்லை. அம்மா தொண்டையைக் கனைத்தார். மூன்றாம் நாள் ராத்திரி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“யய்யா, சித்திரை பொறக்கையில உங்க மச்சான் வேலை பாக்குற எடத்துல சின்னதா ஒண்ணு ஆயிப்போச்சு. பக்கத்து ரூம்பு. சாப்பாட்டு நேரம். உள்ள யாரும் இல்ல. ஆத்தா புண்ணியம். இவரு பதினோரு நாளா வாயே தெறக்கல. இவ பாத்திரக் கடையில யாரோ சொல்லித்தான் தெரியும்.”

மச்சான் வானத்தில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார்.

மச்சான் மருந்து கலக்குகிற வேலை பார்க்கிறவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். சாயங்காலம் வந்தால் காது மடல்வரை வெள்ளி பூசின மாதிரி மினுங்குவார். சின்ன வயதில் என் மகள் அவரை ‘சில்வர் மாமா’ என்றுதான் கூப்பிடுவாள்.

நம்மில் பலருக்குப் பட்டாசு என்றால் ஐப்பசி ஞாபகம் வரும். அங்கே ஆடிப்பெருக்கு அன்றைக்கே கடைகளில் பூஜை போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குச் சரக்கு வேண்டாமா? அதனால் நாம் மாம்பழம் சாப்பிடுகிற சித்திரை, வைகாசியில் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருக்கிறது. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக்கூடாது, உச்சி வெயிலில் தொடக்கூடாது என்பது அனுபவம். இரண்டையும் அவசரம் மீறும்போதுதான் விபரீதம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம், 2024 மே 9 செங்கமலப்பட்டி. தேதி, ஊர் எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனப்பாடம். டி.வி.யில் ‘சிவகாசி அருகே’ என்று எழுத்து ஓடினாலே சென்னையில் எனக்குக் கை தானாகப் போனை எடுக்கும். “நம்ம ஆளுக யாரும் இல்லையே?” நல்லா இருக்கீங்களா என்பதற்கு எங்கள் ஊர் பாஷை அதுதான்.

“சரி, மாமாவோட இலக்கு என்ன?” என்றாள் மகள். குழந்தைகளுக்கு இடம் பொருள் தெரியாது. அது ஒரு பெரிய சௌகரியம்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். எல்.எல்.ஆர். ஹெவி வண்டிக்கு. எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அக்காவுக்கே அப்போதுதான் தெரியும். ஆச்சரியமோ கோபமோ, கையில் இருந்த விசிறி நின்றுவிட்டது.

“முப்பது நாள் கழிச்சு டெஸ்ட்டு மாப்ளே. சொல்லிட்டுப் ஃபெயிலானா அசிங்கம்னு சொல்லல.”

இங்கே ஒரு விஷயம். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும் என்றால் முன்பெல்லாம் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும். 2019-ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். மச்சான் ஏழாவது. 1995-ல் முழுப் பரீட்சை லீவில், நோட்டுப் புத்தகத்துக்குக் காசு சேர்க்கலாம் என்று தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனவர், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது திரும்பிப் போகவில்லை. வீட்டில் அந்த வாரக் கூலிக்குச் செலவு வந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் உண்டு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படிச் சேர்த்தால் பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னது. அதற்குள் மச்சானுக்குப் பதினாலு முடிந்துவிட்டது. சட்டப்படி பெரிய ஆள்!

யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால், “காமராஜர் என்ன படிச்சாரு?” என்று அவர் மடக்குவார். விருதுநகர்க்காரர்கள் எல்லோரிடமும் இருக்கிற துருப்புச் சீட்டு இது. பாதியில் படிப்பை விட்ட காமராஜர், முதலமைச்சர் ஆனதும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தாரே, ஏன் என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

“சம்பளம்?” என்றார் அம்மா. கணக்குப்பிள்ளை.

“மொதல்ல கம்மிதான் அத்தை. மருந்து வேலைக்குக் குடுக்குறதுல பாதிதான் வரும்.”

அம்மா வெற்றிலையை மென்றபடி மனசுக்குள் ஏதோ பெருக்கினார், கழித்தார். பிறகு, “பத்தும்” என்றார். அக்காவின் விசிறி மறுபடி ஆட ஆரம்பித்தது.

மகள் நோட்டில் எழுதினாள்: ‘மாமா - லாரி’.

பத்து நாளும் நான் ஒரு நாள்கூட ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு மச்சான் டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்புகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பேன். தொப்பை, அம்மாவின் கைமணத்தாலும் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவாலும் ஒரு இஞ்ச் கூடியது. மனைவி ஸ்கூட்டர் பழகிவிட்டாள். கோழிகள் பழகிக்கொள்ளவில்லை.

“ரிவர்ஸ்தான் மாப்ளே வரமாட்டேங்குது” என்று ரயில் ஏற்ற வந்தபோது சொன்னார் மச்சான். “மத்ததெல்லாம் சரி. பின்னால போறதுதான் கஷ்டமா இருக்கு.”

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மறு வாரம். ராத்திரி பதினோரு மணிக்குப் போன். எங்கள் வீட்டில் அந்த நேரத்துப் போனுக்கு ஒரு அர்த்தம்தான். கை நடுங்கித்தான் எடுத்தேன்.

“மாப்ளே, தூங்கிட்டீகளா? திருச்சி தாண்டிட்டோம். பெரிய டிரைவர் பக்கத்துல ஒக்காந்திருக்காரு. நான்தான் ஓட்டிட்டு வாரேன். இப்ப டீக்கு நிப்பாட்டியிருக்கோம்.”

“என்ன லோடு மச்சான்?” என்றேன். கேட்டுவிட்டு, சிவகாசிச் சரக்கு, வெடியாகத்தான் இருக்கும் என்று மனசு ஒரு நிமிஷம் நின்றது.

“நோட்டுப் புக்கு. கோடு போட்டது, போடாதது ரெண்டும். பள்ளிக்கூடம் தெறந்துட்டாங்கள்ல?” சிரித்தார். “ஒருவழியா எனக்கும் லீவு முடிஞ்சுருச்சு மாப்ளே.”

மகளை எழுப்பி, நோட்டை எடுக்கச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் ‘டிக்’ கொஞ்சம் கோணல். எங்கள் வீட்டு நோட்டில் இந்த வருஷம் விழுந்தது மொத்தம் இரண்டு. இரண்டும் என்னுடையது இல்லை.