நீலத் தொப்பிக்கு வழக்குமன்றம் எது?

அமைதிப்படை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழர் நெஞ்சம் 1987-க்கும் இலங்கைக்கும் ஓடிவிடும். அது இரண்டு அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சென்ற படை. அதன் வரலாறு தனி. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது ஐ.நா. மன்றத்தின் நீலத் தொப்பிப் படையைப் பற்றி. அதுவும் அந்தப் படை 2004 முதல் 2017 வரை தங்கியிருந்த ஹெய்ட்டி நாட்டைப் பற்றி.

2010 சனவரியில் அந்த ஏழை நாட்டை நிலநடுக்கம் சிதைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வாந்திபேதி வந்தது. அதற்கு முன் நூறு ஆண்டுகளாக அங்கே காலரா கண்டதாக எந்தப் பதிவும் இல்லை. மீர்பலே என்ற ஊருக்கு அருகில், ஓர் ஓடைக்கரையில், நேபாள வீரர்களின் முகாம் இருந்தது. அவர்கள் புறப்பட்டு வந்த நேபாளத்தில் அதற்குச் சற்று முன்புதான் காலரா பரவியிருந்தது. முகாமின் கழிவு சரியாக அடக்கப்படாமல் ஓடையில் கலந்தது. ஓடை அர்த்திபோனித் என்னும் பேராற்றில் கலந்தது. ஆற்று நீரைக் குடித்துக் குளித்து வாழ்ந்த மக்கள் மடிந்தனர். அந்த நோய் எட்டு இலட்சம் பேரைப் பற்றியது. ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

நுண்ணுயிரியல் படிக்கும் எனக்கு இந்தக் கதை வகுப்பறையில்தான் அறிமுகமாயிற்று. பாடத்தின் பொருள் காலரா அன்று. மரபணு ஒப்பீட்டு முறை. நேபாளத்தில் எடுத்த 24 கிருமிகளை ஹெய்ட்டிக் கிருமிகளோடு ஒப்பிட்டு, 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாற்பது இலட்சம் எழுத்துக்கள் கொண்ட நூலில் ஓரிரண்டு எழுத்துத்தான் வேறுபாடு! இவ்வளவு துல்லியமாக ஒரு கொள்ளைநோயின் ஊற்றுக்கண்ணைக் காண்பது அரிது. ஆசிரியர் முகத்தில் பெருமிதம், எங்களுக்கும் வியப்புத்தான். மணி அடித்தது, கலைந்தோம். செத்தவர்களின் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று எவரும் கேட்கவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

கேட்டவர்கள் ஹெய்ட்டி மக்கள். 2011 நவம்பரில் ஐயாயிரம் பேர் சார்பாக ஐ.நா.விடமே முறையிட்டார்கள். பதினைந்து மாதங்கள் கழித்து வந்த மறுமொழி: இம்முறையீட்டை ஏற்பதற்கில்லை. நியூயார்க் நீதிமன்றம் சென்றார்கள். ஐ.நா.வுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, வழக்காட இயலாது என்று 2015-இல் தீர்ப்பு. 2016-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

அந்தச் சட்டப் பாதுகாப்பு 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து வருகிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போர் நடக்கும் நாட்டில் எந்தக் கொடுங்கோலனும் ஐ.நா. ஊழியரைப் பொய்வழக்கில் பிடித்து அடைத்துவிடக் கூடாதல்லவா? ஆனால் அதே உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, தனி மனிதர்களின் வழக்குகளைத் தீர்க்க ஐ.நா. தானே வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2004-இல் ஹெய்ட்டி அரசோடு செய்த உடன்பாட்டில் நிலையான இழப்பீட்டுக் குழு ஒன்றுக்கும் இடமிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் படை அங்கே இருந்தது. குழு ஒரு நாளும் கூடவில்லை. கூடுவதெங்கே, அமைக்கப்படவே இல்லை! உலகில் வேறெந்த அமைதிப்படை நாட்டிலும் அது அமைந்ததில்லை. கேடயத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கடமையைப் பெட்டியில் பூட்டினால் அதற்குப் பெயர் சட்டமா?

என் விடுதி அறைத்தோழர் ஒரு வங்காளி. இதைச் சொன்னதும் சீறினார். "ஏழை நாட்டுச் சிப்பாய் வேற்று நாட்டுக்குத் தொண்டு செய்யப் போனான். தன் வயிற்றில் கிருமி இருப்பது அவனுக்குத் தெரியுமா? அவனைத் தூக்கிலிடச் சொல்கிறாயா?" என்றார். இல்லை. நோய்க்குறி ஒன்றும் தோன்றாமலே கிருமியைச் சுமப்பவர் பலர். வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதுகிறவர்கள் இங்கே பழமொழியைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். என் வழக்கு அந்தச் சிப்பாய்மீது அன்று. கழிவுக்குழியைச் சரியாகக் கட்டாத நிர்வாகத்தின்மீதும், காரணம் தெரிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வாய்திறவாத தலைமையின்மீதும்தான்.

அந்தப் பழமொழி பொருந்துகிற செயலும் அதே ஹெய்ட்டியில் நடந்தது. 2007-இல் இலங்கைப் படைப்பிரிவின் 108 பேர், பெண்களையும் சிறுமியரையும் பணம் கொடுத்துச் சீரழித்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். குற்றம் செய்த வீரனை விசாரிக்கும் உரிமை அவனை அனுப்பிய நாட்டுக்கே உண்டு என்பது விதி. ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை என்று 2017-இல் செய்தி வந்தது. தன் வீட்டுப் பிள்ளையைத் தானே விசாரிக்கும் வீடு எப்படித் தீர்ப்புச் சொல்லும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2016 டிசம்பரில் பொதுச்செயலாளர் பான் கீ மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். செய்ய வேண்டிய அளவு செய்யவில்லை என்றார், நோயை ஐ.நா. கொண்டுவந்தது என்று அப்போதும் சொல்லவில்லை. 40 கோடி டாலர் திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடுகள் கொடுத்தது அதில் ஒரு சிறு பங்கு. குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பேச்சு மறைந்து, ஊருக்குக் குழாய், ஊருக்குச் சந்தை என்று ஆயிற்று. குழாய் நல்லதுதான். ஆனால் தாயை இழந்த பிள்ளையிடம் போய், உன் இழப்பு ஊர்ப்பொதுக் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று யார் சொல்வது?

நமக்கென்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அமைதிப்படைக்கு மிகுதியாக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1960-களின் காங்கோ தொடங்கி இன்றுவரை நம்மவர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அப்பணியில் உயிர்நீத்திருக்கிறார்கள். லைபீரியாவுக்கு 2007-இல் முழுதும் பெண்களால் ஆன காவல் பிரிவை முதன்முதலில் அனுப்பியதும் நாம்தான். அந்தப் பெருமை உள்ள நாடு, "இழப்பீட்டுக் குழு அமைத்த பிறகே எங்கள் படை இறங்கும்" என்று ஐ.நா.வில் நிபந்தனை விதிக்கலாம். ஆள் அனுப்புகிறவன் சொல்லுக்கு அங்கே எடை உண்டு.

2023-இல் பாதுகாப்பு அவை ஹெய்ட்டிக்கு வேறொரு பன்னாட்டுப் படைக்கு இசைவு தந்தபோது, நீர்வழி நோய் பரவாதபடி கழிவுநீரைக் கவனிக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதிச் சேர்த்தார்கள். அந்த ஒரு வரி வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இழப்பீட்டுக் குழுவோ 2004-இலேயே தாளில் எழுதப்பட்டது.