பவரைக் கூட்டுமுன் டாம்பரைப் பாருங்கள்

மலாக்காவின் செர்காம், உம்பாய் கரையோரத்தில் படகு வைத்திருப்பவர்கள் எஞ்சினுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. டர்போவை மாற்றுவார்கள், பம்பில் டீசலைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள், பெரிய புரொப்பல்லர் போடுவார்கள். கிராங்க் முனையில் இருக்கும் டாம்பரை மட்டும் பழையதையே துடைத்து மாட்டச் சொல்வார்கள். படகு எஞ்சின் வேலையையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பவரைக் கூட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது டாம்பரைத்தான்.

ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது நொடிக்கு 120 முறை ஃபயர் ஆகிறது. ஒவ்வொரு அடியும் கிராங்க்கை இம்மியளவு முறுக்கும். முறுக்கிய இரும்பு உடனே நிமிரும். சில வேகங்களில் இந்த முறுக்கலும் அடுத்த அடியும் தாளம் சேர்ந்துவிடும். அப்போது அதிர்வு பெருகும், நாளடைவில் கிராங்க் விரிசல் விட்டு முறியும். டாம்பருக்குள் இருக்கும் கனத்த வளையம் அந்த அதிர்வை வாங்கி வெப்பமாக்கித் தீர்க்கிறது.

லாரி எஞ்சினைப் படகில் இறக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லாரி ரோட்டில் சுற்று ஏறும், இறங்கும்; தாளம் சேரும் அந்தக் கெட்ட வேகத்தில் அதிக நேரம் நிற்காது. படகோ ஒரே சுற்றில் மணிக்கணக்காக ஓடுகிறது. கியர்பாக்ஸ், நீண்ட ஷாஃப்ட், புரொப்பல்லர் எல்லாம் கிராங்க்கோடு சேர்ந்தே அதிர்கின்றன. அவற்றில் ஒன்றை மாற்றினாலும் கெட்ட வேகம் இடம் மாறிவிடும். 1929இல் கிராஃப் செப்பலின் வான்கப்பலின் ஐந்து எஞ்சின்களில் நான்கு, அமெரிக்காவுக்குப் புறப்பட்ட வழியிலேயே கிராங்க் முறிந்து நின்றன. எஞ்சினையும் புரொப்பல்லரையும் இணைக்கும் கப்ளிங்கை மாற்றியதால் வந்த வினை அது.

ரப்பர் டாம்பர் விலை குறைவு. கம்பெனி கொடுத்த பவரில் ஓடும் எஞ்சினுக்கு அது போதும். ஆனால் அது குறிப்பிட்ட ஓர் அதிர்வுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுவது. ரப்பர் மரத்தடியில் வளர்ந்த எனக்கு, சூடும் எண்ணெயும் ரப்பரை என்ன பாடுபடுத்தும் என்று தெரியும். நடுப்பகுதியிலிருந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயிண்டில் நேர்கோடு ஒன்று போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் வளையம் நழுவிவிட்டது. டாம்பரை மாற்றிவிட வேண்டியதுதான்.

பவர் கூட்டிய எஞ்சினுக்கு நான் சிலிக்கான் எண்ணெய் அடைத்த டாம்பரையே சொல்வேன். பல வேகங்களிலும் அது அதிர்வை அடக்கும். அதற்காகப் பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். எடை மிஞ்சினால் கிராங்க் முனைக்கே பாரம். உள்ளே வளையத்துக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கூடு நசுங்கினாலும் வளையம் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆகவே பழைய சாமான் கடையில் இதை வாங்கவே கூடாது. எண்ணெயும் காலப்போக்கில் கெட்டியாகும். தயாரிப்பாளர் சொன்ன மணிநேரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும்.

விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். கிராங்க் முறிந்தால் பிளாக்கும் சேர்ந்து போகக்கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெரிய கப்பல்களுக்கு முறுக்கு அதிர்வுக் கணக்கைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே, கப்பலின் தரத்தைச் சோதிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்கள் ஒப்புதல் தருகின்றன. சிறு படகுக்காரரும் எஞ்சின் மாடல், ஓடும் சுற்று, கியர்பாக்ஸ், புரொப்பல்லர் விவரங்களை டாம்பர் தயாரிப்பாளரிடம் கொடுத்துப் பொருத்தமானதைக் கேட்டு வாங்கலாம். இந்த விவரங்களைக் கேட்காமல் பவரைக் கூட்டித் தரும் பட்டறையிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள். கிராங்க் முறிந்த லாரி ரோட்டோரம் நிற்கும். மலாக்கா நீரிணையில் எஞ்சின் நின்ற படகு, பெரும் கப்பல்கள் போகும் பாதையில் ஆட்களோடு மிதக்கும்.